கேட் மூடினால்தான் பேச்சு

கேட் மூடுவதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும். கணகணவென்று... நிற்காமல். அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். என் அம்மாவுக்கு மட்டும் முகம் மலரும்.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் எங்கள் பக்கம் ஒரு ரயில்வே கேட் இருந்தது. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு மேற்கே. அம்மா டீச்சராக இருந்த, நானும் படித்த ஸ்கூல் கிழக்கே, சேலையூர் பக்கம். அந்தக் கிழக்குப் பக்கத்தில், கேட்டை ஒட்டினாற்போல மெஹர் ஆன்ட்டி வீடு. பல்லாவரத்தில் அவர்களுக்குச் செருப்புக் கடை.

சாயங்காலம் அம்மாவும் நானும் வரும்போது கேட் மூடியிருந்தால் மெஹர் ஆன்ட்டி இஞ்சி டீயோடு வெளியே வந்துவிடுவார். காம்பவுண்ட் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசுவார்கள். பிள்ளைகள் மார்க், மாமியார் கோபம், மீன் விலை... ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் போகும். எதிரே எக்ஸ்பிரஸ் ஒன்று வரும். கூட்ஸ் வந்தால் அம்மாவுக்கு ஜாக்பாட்.

கேட் திறந்ததும் பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும்.

"மீதி நாளைக்கு, டீச்சர்."

"சரி மெஹரு."

கேட் திறந்திருந்த நாட்களில் அம்மா கையை அசைத்துவிட்டு நடையைக் கட்டுவார். சும்மா ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச அந்தக் காலத்து அம்மாக்களுக்கு மனசு வராது. மூடின கேட்தான் அவர்களுக்குக் கிடைத்த சாக்கு.

அந்தக் கேட் வேண்டாம் என்று சண்டை போட்டதும் நாங்கள்தான்!

ரயில்கள் கூடின. கேட் பாதி நேரம் மூடியே கிடந்தது. ஆம்புலன்ஸ் கூட நின்றது. கூடுதல் லைன் வருது, சப்வே வருது, லிஃப்ட் வைத்த பாலம் வருது என்றார்கள். கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பின அன்றைக்கு மெஹர் ஆன்ட்டி ஒரு பெரிய பாத்திரம் நிறைய சேமியா பாயசம் காய்ச்சி, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார்.

"இனிமே நீங்க வெயில்ல நிக்க வேணாம் டீச்சர்" என்றார். அம்மாவும் சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

சப்வே வந்தது. ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கும். பாலம் வந்தது. லிஃப்ட் ஓடினால் அதிசயம். அம்மாவுக்கோ முட்டிவலி. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மெஹர் ஆன்ட்டி துணி காயப்போடுவது தெரியும். அவரைப் போய்ப் பார்க்க ஆட்டோ பிடித்து ஃப்ளைஓவர் சுற்ற வேண்டும். வாராவாரம் போனது அவர்கள் ரம்ஜானுக்கும் எங்கள் கிறிஸ்துமஸுக்கும் என்று ஆகி, அப்புறம் வெறும் போன் என்று ஆனது. போனில் இரண்டு பேருக்கும் பேசவே வரவில்லை. "நல்லா இருக்கியா?" "இருக்கேன் டீச்சர்." அவ்வளவுதான்.

போன மழையில் ஒரு நாள் மத்தியானம் மெஹர் ஆன்ட்டியின் மகன் எனக்கு போன் செய்தான்.

"அம்மா தவறிட்டாங்கக்கா. அஸர் தொழுகைக்கு எடுத்துடுவோம். டீச்சரைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

அஸர் என்றால் சாயங்காலத் தொழுகை. அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். கிளம்பினோம். சப்வேயில் தண்ணீர், தடுப்பு வைத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. பாலத்தில் ஏறுகிறேன் என்று பிடிவாதம் பிடித்த அம்மா நாலு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கெஞ்சி ஒரு ஆட்டோ பிடித்தால் ஃப்ளைஓவர் முழுக்க வண்டி... அசையவில்லை.

"கேட் போட்டிருந்தா கூட பரவால்லடி" என்றார் அம்மா, ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி. "நின்னு, தொறந்ததும் போயிருப்பேன்."

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆண்களின் செருப்பு ஒன்றுகூட இல்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மருமகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்காகக் கொஞ்ச நேரம் வெச்சிருந்தோம் டீச்சர்... அதுக்கு மேல முடியல."

முகம் பார்க்காமலே திரும்பினோம்.

இப்போது ஏசி எலெக்ட்ரிக் டிரெயின் போகிறது. கதவு தானாக மூடிக்கொள்கிறது. ஸ்டேஷனை ஏர்போர்ட் மாதிரி ஆக்கப் போகிறார்களாம். என் மகள் அதில்தான் காலேஜ் போகிறாள், அவளுக்கு நல்லதுதான். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. யார் மேல் கோபப்படுவது? பாயசம் குடித்த வாய் இது.

அம்மா மொட்டைமாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். நேற்று டீ கொடுத்தபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கடைசியா போன்ல மெஹரு ஏதோ சொல்ல வந்தா. ரெண்டு பக்கமும் டிரெயின் சத்தம், ஒண்ணும் கேக்கல. மீதி நாளைக்குன்னு வெச்சிட்டா. என்ன சொல்ல வந்தாளோ..."

வெளியே ஒரு ரயில் வந்தது. அது போய் முடிகிற வரைக்கும் அம்மா கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.