தானியேல் சொன்ன ‘பாக்கலாம்’

மூஞ்சியைக் காட்டாமல் கையை மட்டும் ஏன் காட்டச் சொல்கிறார்கள்? தானியேலுக்கு முதல் நாளிலிருந்தே அதுதான் உறுத்தியது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷமாகத் தோல் செக்கிங் பார்க்கிறவர். அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றுபோனது. காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவார். மேஜையில் விரித்த தோலைத் தடவி, மடித்து, இது ஷூவின் முகப்புக்கு ஆகும், இது ஆகவே ஆகாது என்று சாக்பீஸால் குறி போடுவார். அவர் போட்ட குறிக்குக் கட்டிங்கில் மறுபேச்சு கிடையாது.

போன மாசம் சின்ன முதலாளி சுஹேல் அகமது எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். டிசைன் இத்தாலியில், வெட்டித் தைப்பது வியட்நாமில், தோல் பார்ப்பது ஆம்பூரில். யாரும் எங்கேயும் போக வேண்டாம், டிவியிலேயே பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இதற்குப் பேர் வர்ச்சுவல் டீம். மூன்று வாரம் சோதனை. சரியாக வந்தால் கம்பெனி இதில் சேரும், வராவிட்டால் விட்டுவிடும்.

“வர்ச்சுவல்னா இன்னா பாய்?” என்று கேட்டார் தானியேல்.

“நேர்ல இருக்கமாட்டாங்க, ஆனா இருக்கிற மாதிரி.”

“இல்லாதத இருக்கிற மாதிரி காட்டுனா எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு பாய்.”

எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் மேஜைக்கு மேலே ஒரு கேமரா தொங்கியது. எதிர்ச்சுவர் டிவியில் வியட்நாமிலிருந்து லின் என்ற பெண் தெரிந்தாள். இவர் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். டிவி மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது.

“அது இன்னா மா?” என்று ஆபீஸ் பெண் நந்தினியிடம் கேட்டார். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்வதும், பேசுவதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்வதும் அவள் வேலை.

“ரெக்கார்டிங் அங்கிள். அப்புறமா பாக்கறதுக்கு.”

“யாரு பாக்கறதுக்கு?”

நந்தினி லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கே தானியேல் முடிவு கட்டிவிட்டார். கையைக் கற்றுக்கொண்டால் அப்புறம் ஆள் எதற்கு?

இந்த வேலை போகக்கூடாத நேரம் வேறு. மகள் கிறிஸ்டினாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தோல் வாசனை போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பேத்தியைத் தொடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் தப்ப முடியாது, போனில் போட்டோ காட்டிவிடுவார்.

“மூக்கப் பாரு, அப்படியே என் மூக்கு.”

“இருபத்திரண்டு நாள் கொழந்தைக்கு மூக்கே இன்னும் சரியா வரல,” என்பான் கட்டிங் கோபி. “அதுக்குள்ள உன் மூக்க வச்சி ஏண்ணா பயமுறுத்துற?”

ஆகவே தானியேல் தன் முக்கியமான வித்தையைக் கேமராவுக்குக் காட்டவில்லை. தோலின் வழவழப்பான முகத்தை உள்பக்கமாக மடித்துப் பெருவிரலால் அழுத்தினால் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். விட்டதும் மறைந்தால் நல்ல தோல். மறையாவிட்டால் அது ‘லூஸ்’. கால் அச்சில் மாட்டி இழுத்தால் ஷூ முகப்பு சுருங்கிப்போகும். இந்த மடிப்பை மட்டும் அவர் மேஜைக்கு அடியில் செய்தார். லின் பார்த்ததெல்லாம் தடவலும் சாக்பீஸும்தான்.

மூன்றாம் வாரம் நந்தினி காய்ச்சலில் லீவு. அன்றைக்குப் பேச்சை மெஷினே மாற்றி டிவியின் அடியில் எழுதிக் காட்டியது. லின் ஒரு காப்பிக் கலர் தோலைத் தூக்கிப் பிடித்தாள். டிவியின் இன்னொரு பாதியிலிருந்து டிசைன் பார்க்கும் இத்தாலிக்காரர் லூக்கா ஏதோ கேட்டார். ‘இந்தத் தோல் முழுவதும் சரியா?’ என்று தமிழில் எழுத்து ஓடியது. தானியேல் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

தோலின் பளபளப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெரிய மனுஷன் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் பெண் கேட்டு வந்தாலும் சரி, சீட்டுக்கு ஆள் சேர்க்க வந்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. அதையே சொன்னார்.

“பாக்கலாம் சார்.”

லூக்கா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அது அவர்கள் ஊர் வணக்கம் என்று தானியேல் நினைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் சுஹேல் செக்கிங் மேஜைக்கே வந்துவிட்டார். வியட்நாமில் நானூறு ஜோடி வெட்டித் தைத்து, அத்தனையும் முகப்பில் சுருக்கம். ஆம்பூர் சரி சொன்னதால்தான் வெட்டினோம் என்று மெயில் வந்திருந்தது. லூக்காவும் லின்னும் டிவியில் காத்திருந்தார்கள். நந்தினி அந்த நாள் ரெக்கார்டிங்கை ஓடவிட்டாள். தானியேல் ‘பாக்கலாம்’ என்றதும் கீழே இங்கிலீஷில் எழுத்து வந்தது.

“இன்னா மா போட்டிருக்கு?”

“நல்லா பாக்க முடியுது, சரின்னு போட்டிருக்கு அங்கிள்.”

சுஹேல் தலையில் அடித்துக்கொண்டார். “பாக்கலாம்னா இன்னான்னு எனக்குத் தெரியும். மெஷினுக்கு எங்க தெரியும்? இது உங்க தப்பு இல்ல தானியேல்ணா.”

தானியேலுக்கு மூச்சு வந்தது. ஆனால் ரெக்கார்டிங் நிற்கவில்லை. அடுத்த தோலை எடுத்த கை மேஜைக்கு அடியில் போனது. அதற்கு அடுத்ததும்.

“கை எங்க போவுது?” சுஹேலின் குரல் மாறியது. மடிப்பு வித்தை தெரிந்தவர், டிவியில் லின்னிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டுத் திரும்பினார். “அவர் மடிக்கறத ஒருவாட்டி கூட நான் பாக்கலன்னு லின் சொல்லுது. பாத்திருந்தா வெட்டறதுக்கு முன்னாடி அங்கயே புடிச்சிருக்கும்.”

பொய் சொல்ல வாய் வந்தது. ஆனால் டிவியில் கை போய்க்கொண்டிருந்ததே.

“வேணும்னுதான் மறைச்சேன் பாய். கைய கத்துக்கினு ஆள வேணாம்னுட்டா? பேத்தி பொறந்திருக்குது. இந்த டீமுல சேந்தா என் மேஜை இங்க இருக்குமா?”

சுஹேல் போனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

“பாக்கலாம்ணா.”

நந்தினி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த வார்த்தை சுஹேலுக்கே கேட்டது.

“அந்த வார்த்தை வேணாம் பாய்,” என்றார் தானியேல். “நானூறு ஜோடி போனது போதும். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நந்தினி மா, இப்ப அந்தச் சிவப்புப் புள்ளி எரியுதா?”

“எரியுது அங்கிள்.”

“சரி, சொல்லுங்க பாய்.”

சுஹேலுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“டீமுல சேர்றோம். ஆர்டர் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் ஒவ்வொரு லாட்லயும் பத்துத் தோல் கொரியர்ல இங்க வரணும். உங்க கை படாம அங்க கத்தி படாது. அதுக்கு மேல எனக்கே தெரியாது. தெரியாததுக்கு நான் எப்படிண்ணா ஆமா சொல்றது?”

நந்தினி இங்கிலீஷில் சொன்னாள். லூக்கா தலையை ஆட்டினார்.

“தலைய ஆட்டறது எல்லாம் வேணாம் மா. வாயால சொல்லச் சொல்லு.”

லூக்கா சொன்னார். தானியேல் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரெண்டு வருஷம் போதுமா என்று மனதுக்குள் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பேத்தி அதற்குள் ஓடியாடிப் பேச ஆரம்பித்துவிடும். போதாதுதான். ஆனால் கேட்டதில் இது ஒன்றுதான் காதில் பொய்யாக விழவில்லை.

ஒரு தோலை எடுத்து மேஜை நடுவில் போட்டார். முகத்தை உள்ளே வைத்து மடித்தார்.

“அந்தப் பொண்ண கிட்ட வந்து பாக்கச் சொல்லு மா,” என்றார்.