அடுப்பு பற்றாத ஏகாதசி

ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு உறவினர் வருவார்கள். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் பிள்ளைகளோடு வருவார்கள். எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு ஆண்டுதோறும் தாம்பரத்திலிருந்து என் நாத்தனார் குடும்பம் தசமி மாலையே காரில் வந்து இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் வருடத்திலேயே அடுப்பு அதிக நேரம் எரிவது அந்த விரத நாளில்தான். அரிசி ஆகாது. ஆகவே சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ரவை உப்புமா, மதியம் கோதுமை தோசை, பிள்ளைகளுக்குச் சேமியா. நானும் விரதம் என்பதால் ருசி பார்க்க முடியாது. உப்புப் பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டும். படுக்கை விரிப்பு, துண்டு, யார் முதலில் குளிப்பது என்பதுவரை எல்லாம் நான் வகுத்த ஒழுங்கில் நடக்கும். ஒரு குறையும் வராது. ஆனால் கார்த்திகை முடியும்போதே என் பின்கழுத்து இறுகத் தொடங்கிவிடும்.

சென்ற மார்கழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் சொர்க்கவாசலைக் கடந்ததில்லை. வாசல் பல நாள் திறந்திருந்தாலும், எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு நிமிரும்போது போகத் தெம்பு இருக்காது. இந்த முறை கடக்க வேண்டும். குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: "ஏகாதசி அன்று நம் வீட்டில் அடுப்பு கிடையாது. பழமும் பாலும் உண்டு. பிள்ளைகளுக்கு பிரெட். துவாதசி காலை வழக்கமான சாப்பாடு. மதியத்துக்கு மேல் நான் கோயிலுக்குப் போகிறேன். ஊருக்குக் கட்ட வேண்டிய சாப்பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளவும்."

என் கணவர் படித்துவிட்டு, "ஆஃபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி" என்றார்.

மறுநாள் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, எங்க மேல ஏதும் வருத்தமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. விரதம்னா விரதமா இருந்து பாக்கலாம்னு."

"உங்க உப்புமாவுக்காகத்தான் இவரு விரதமே இருக்காரு."

"இந்த வருஷம் பெருமாளுக்காக இருக்கச் சொல்லு."

சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது எங்கள் வீடுதான். வராமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குக் கவலை இருந்தது. ஆனாலும் எழுதியதை அழிக்கவில்லை.

வந்தார்கள். ஏகாதசி விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கோயிலிலிருந்து கூட்டத்தில் கசங்கித் திரும்பினார்கள். நாத்தனார் நேராகச் சமையலறைக்குள் வந்து அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெஜமாவே பத்த வைக்கலியா? சும்மா பயமுறுத்துறீங்கன்னு நெனச்சேன்." ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். "நீங்க எப்ப அண்ணி போவீங்க? உள்ளூர்க்காரங்களுக்குன்னு கூட்டமில்லாத நேரம் ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு. நான்தான் போனதில்ல."

"இந்த வருஷமா?"

"எந்த வருஷமும். நீங்க வரப்ப உப்புமா சூடா இருக்கணும்ல."

பழம் கையிலேயே இருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கேட்டதே இல்லியே அண்ணி."

"நானும் சொன்னதில்ல."

அன்று மதியம் வீடு அமைதியாக இருந்தது. நாத்தனார் கணவர் பிரெட்டைப் பாலில் நனைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தது போல இருக்கிறது என்றார். ஏகாதசியில் தூங்கக் கூடாது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகச் சமைத்தேன். ஒருநாள் ஓய்ந்திருந்த கைக்கு அந்தச் சமையல் பிடித்திருந்தது. மதியம் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கணவர், "நானும் வரட்டா?" என்றார்.

"நாளைக்கு வாங்க. வாசல் இன்னும் சில நாள் தெறந்துதான் இருக்கும். இன்னிக்கு நான் மட்டும்."

வரிசை மெதுவாக நகர்ந்தது. "நிக்காதீங்கம்மா, நடந்துகிட்டே இருங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சில அடிகளில் வாசலைக் கடந்துவிட்டேன். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பால் மணல்வெளியில் உட்கார்ந்தேன். மார்கழி வெயில் முதுகில் இதமாக விழுந்தது. யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. வழக்கமாக வலிக்கும் பக்கமாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலிக்காமல் திரும்பியது. வெயில் மணலை விட்டுப் போகும்வரை இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், அடுப்பு மேடை முழுக்க மஞ்சள்தூள். நாத்தனார் வழிக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாள்.

"உப்பு பாருங்க அண்ணி."

பார்த்தேன். "கம்மி."

"போடுறேன். அடுத்த வருஷம் நீங்க எல்லாரோடயும் போயிட்டு வாங்க. ஏகாதசிக்கு நான் உப்புமா கிண்டி வைக்கிறேன்."

"ஏகாதசிக்கு அடுப்பு கிடையாது" என்றேன்.