காதில் பூத்த பூ

எங்களுக்குக் கல்யாணமான ஆறாம் மாதம் என் வீட்டுக்காரருக்கு வலது காது அடைத்துக்கொண்டது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் கரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கரிப்புகையில் ஓடும் அந்த பஸ் இருமிக்கொண்டே போகும். இருமலைக் காதால் கேட்டுத்தான் ஓட்டவேண்டும். காது கேட்காத டிரைவரை முதலாளி வைத்துக்கொள்வாரா?

தினமும் செட்டிகுளத்தில் முங்கிக் குளிப்பார். அரித்தால் கோழி இறகை விட்டுக் குடைவார். என் மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தன, காதுதான் திறக்கவில்லை. வலி தாடைக்கு இறங்கிய பிறகே டாக்டரிடம் போனோம்.

அவர் நெற்றிக் கண்ணாடியால் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இடுக்கியால் ஒரு வெள்ளைச் சுருளை வெளியே எடுத்தார். நனைந்த பேப்பர் மாதிரி இருந்தது, மேலெல்லாம் கரும்புள்ளி.

"பூசணம் பூத்திருக்குது. எண்ணெய்தான் அதுக்குச் சோறு. வுட்டா எலும்பு வரைக்கும் போயிடும்."

வீட்டில் சொன்னேன். மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம்புள்ள காதுல பூ பூத்துக்குதாமா? அந்தாளு நம்ம காதுலதான் பூ சுத்தறான்!"

நான் எண்ணெய்ப் புட்டியை நெல் குதிருக்குள் போட்டுவிட்டேன். மாமியார் அதைத் தேடாத இடமில்லை.

காதில் தண்ணீர் படக்கூடாது. ஸ்பிரிட் கலந்த சொட்டு மருந்து இரண்டு வேளை. நல்ல காது என் மடியில் அழுந்த என் வீட்டுக்காரர் படுத்துக்கொள்வார், நான் சொட்டு விடுவேன். ஒரு வாரமாகியும் காது திறக்கவில்லை. எனக்குப் பயம்தான். அடுப்புப் புகையைச் சாக்கு வைத்து அழுதிருக்கிறேன்.

ஆனால் குறும்பு யாரை விட்டது? புருஷன் பேரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ஆறு மாதமாக நாக்கு நுனியில் நின்ற பேர். அடைத்த காதில் சொன்னால் யாருக்குத் தெரியும்? மருந்து விட்டுவிட்டுத் தினமும் மெல்லச் சொன்னேன். ருசி கண்டுபோய் முன்னால் ஒரு 'டேய்' சேர்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாளும் அப்படித்தான் சொன்னேன்.

"இன்னா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

மருந்துப் புட்டி கையிலிருந்து நழுவிவிட்டது.

"மூணு நாளாவே கேக்குது," என்றார். "பேரு சொல்லு, பரவால்ல. அந்த 'டேய்' மட்டும் எங்கம்மா எதிர்ல வேணாம்."