மாப்பிள்ளை பாட்டிலில் துளசி எண்ணெய்

அதிராம்பட்டினத்தில் தென்னந்தோப்புக்குள் துளசி பயிரிட்டவள் கமருன்னிஸாதான். "என்னம்மா, பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டப் போறியா?" என்று ஊரே கேலி பேசியது. வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு அடுப்படியில் அடைந்து கிடந்தவளுக்கு அந்தக் கேலியெல்லாம் கால்தூசு.

செம்பு அண்டாவில் துளசியை ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைப்பாள். சொட்டும் தண்ணீரின் மேல் மெல்லிசாக எண்ணெய் மிதக்கும். கிராம்பில் இருக்கிற யூஜினால் என்ற வேதிப்பொருள்தான் இதிலும் முக்கியமான சரக்கு. காற்றுப் பட்டுப் பண்டம் கெடுவதை அது தள்ளிப்போடும். நம்பாதவர்களிடம் இரண்டு கிண்ணம் நாள்பட்ட கடலை எண்ணெயை நீட்டுவாள். ஒன்றில் சிக்கு வாடை மூக்கைத் துளைக்கும். துளசி எண்ணெய் கலந்தது அப்படியே இருக்கும்.

கணவன் ஜாஃபர் சாதிக் துபாயில் சூப்பர்வைசர். அந்த வருஷம் லீவில் வந்தவனிடம் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்டாள்: "இந்தத் தடவை போகாதீங்க. இந்த எண்ணெய வச்சே ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்." அவன் பிடிகொடுக்கவில்லை. சென்னை வியாபாரி வைத்தியலிங்கம் எண்ணெயைச் சோதித்து ஆர்டர் கொடுத்தால் பார்க்கலாம் என்றான்.

மாதிரி அனுப்பும்போது அவள் அம்மா ஆசியா குறுக்கே வந்தார். "மெட்ராஸ் போற சரக்கை மருந்து பாட்டில்லயா அனுப்புவே? மாப்பிள்ளை கொண்டாந்த பாட்டில் எதுக்கு இருக்கு?"

அந்த ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பவர். அவர் கொண்டுவந்த காலி அத்தர் பாட்டிலுக்கும் கண்ணாடி அலமாரியில் மரியாதை உண்டு. ஆசியா அதைச் சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துத் தந்தார். தங்கநிற மூடியில் மகளும் சொக்கிப்போய் அதிலேயே ஊற்றி அனுப்பினாள். ஆசை கண்ணை மறைத்தால் படிப்பு என்ன செய்யும்?

வைத்தியலிங்கம் போன் செய்து, எடுத்த கமருன்னிஸாவிடம் "சாரைக் கூப்பிடுங்க" என்றார். ஜாஃபர் வந்ததும் சொன்னார்: "உங்க எண்ணெயில துளசியில இல்லாத ஒண்ணு இருக்குன்னு லேப்ல சொல்றாங்க. சென்ட்டுல போடுறதாம். கலப்படக்காரங்க சகவாசம் நமக்கு வேண்டாங்க."

ஜாஃபரின் முகம் செத்துப்போயிற்று. விஷயத்தைக் கேட்டதுமே கமருன்னிஸாவுக்கு விளங்கிவிட்டது. ரிசீவரை வாங்கினாள்.

"கலப்படம் இல்ல சார். அத்தர் இருந்த பாட்டில்ல ஊத்திட்டேன். மூடிக்குள்ள ஊறினது சீயக்காய்க்குப் போயிருக்காது. படிச்ச எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தப்பு என்னுது. அதே எண்ணெய் மிச்சம் இருக்கு. புது பாட்டில்ல அனுப்புறேன், பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

நிலைப்படியில் நின்ற ஆசியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

"மறுபடியும் தப்பா வந்துட்டா?" என்றான் ஜாஃபர்.

"வராது. எது தப்புன்னு எனக்குத் தெரியும்."

அவன் நிலைப்படியில் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தாயைக் காப்பாற்றுகிறவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது? முடிவு வருமுன்பே ஏஜென்டைக் கூப்பிட்டு டிக்கெட்டை ரத்து செய்தான்.

அடுத்த முறை வைத்தியலிங்கத்தின் குரலில் தேன் ஒழுகியது. "சார், எண்ணெய் சுத்தம்! யூஜினால் பிரமாதம். எப்படி எடுக்குறீங்க?"

கையெல்லாம் கரியாக நின்ற ஜாஃபர் சிரித்தான். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் அடுப்புக்கு மட்டை தள்ளுறவன். இருங்க, முதலாளியம்மாவைக் கூப்பிடுறேன்."