ரெங்கம்மாவும் 'அப்' என்ற சொல்லும்

இலங்கையில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ரெங்கம்மா பதினோரு வருஷம் எடுபிடி வேலை பார்த்தாள். அதே வார்டில் நான் தாதி. 1911இல் நடந்தது இது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. செவ்வாய்க்கிழமைதோறும் குதிரையில் வரும் டாக்டர் துரையின் இங்கிலீஷை, அவர் கையையும் முகத்தையும் பார்த்தே பிடித்துக்கொண்டாள். அதில் 'அப்' என்ற சொல் அவளை உட்காரவே விடவில்லை. 'கெட் அப்' என்றால் எழுந்திரு, சரி. 'கிளீன் அப்' என்று தரையைக் காட்டுகிறாரே, அதில் மேலே போவது எது? 'ஷட் அப்' வாயை மூடு. 'கிவ் அப்' கைவிடு. 'ஃபெட் அப்' என்றால் வயிறு நிறைந்தது என்று நினைத்திருந்தாள். துரை அதைச் சொல்லித் தொப்பியை வீசியதும் திருத்திக்கொண்டாள். துணி அலசும்போதும் உதடு அசையும். சமையற்காரி புஷ்பம், "இன்னிக்கு எத்தன அப்பு சேந்துச்சுக்கா?" என்று சீண்டுவாள். இருபத்திரண்டு வரை போனது. துரை சொல்வதைத் தமிழில் சொல்ல எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆடி மாதம் கொழுந்து பறிக்கும் வடிவம்மா இரத்தம் வற்றிக் கால் வீங்கிக் கிடந்தாள். மழை வருகிறது என்ற அவசரத்தில் துரை கட்டிலருகே நிற்காமலே, இவள் எழுந்து வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். அவர் சொன்னது எந்த 'அப்' என்பதில் ரெங்கம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கொழுந்து பறிக்க ஆள் குறைந்து தவித்த தர்மலிங்கம் கங்காணி வாசலில் நின்று, துரை என்ன சொன்னார் என்று கேட்டார்.

"அடுத்த செவ்வா வரைக்கும் படுத்தே கெடக்கணுமாம்."

"அப்புன்னுதானே என் காதுல விழுந்துச்சு?"

"எந்த அப்புன்னு எனக்குத் தெரியுங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

கங்காணி போய்விட்டார். ஆனால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கரிடம் சொல்லிவைத்தார். செவ்வாயன்று கிளாக்கர் துரையிடமே கேட்பார் என்று தெரிந்துபோயிற்று.

அந்த ஏழு நாளும் ரெங்கம்மா ஓரிடத்தில் நிற்கவில்லை. முட்டையும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து ஊட்டினாள். மணிக்கொருமுறை வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், குழி மேலெழவில்லை. குளம்புச் சத்தம் போல எது கேட்டாலும் வாசலுக்கு ஓடினாள். ஞாயிறன்று வடிவம்மா தானாக எழுந்து நான்கடி வைத்து விழுந்தாள். சுமந்து கிடத்தினோம்.

செவ்வாயன்று துரை வந்ததும் கிளாக்கர் வாய் திறப்பதற்குள் ரெங்கம்மா முன்னே போய் நின்றாள்.

"சார், யூ சே அப். ஐ சே நோ."

துரையின் முகம் சிவந்தது. பிறகு வடிவம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். இன்னும் மூன்று வாரம் படுக்கை என்று எழுதினார். அதே பேனாவால் ரெங்கம்மாவை வார்டிலிருந்து நீக்கினார். டாக்டர் சொல்லை மாற்றிச் சொல்பவளை நோயாளிகள் நடுவில் வைக்க முடியாது. நானாக இருந்தாலும் நீக்கியிருப்பேன். படுக்கையில் வைத்தது சரி என்றும் சொல்வேன்.

அவளைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புல்லு வெட்ட அனுப்பினார்கள். வடிவம்மா குணமாகி, ஒரு பாவி தன்னைச் சும்மா கட்டிலில் கிடத்திவிட்டதாகத் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அதை மலையேறிப் போய் ரெங்கம்மாவிடம் சொன்னேன்.

"கால் வத்திருச்சா?" என்றாள்.

வற்றிவிட்டது என்றேன். அடுத்த செடிக்குக் குனிந்தாள்.