எனக்கா, படத்துக்கா?

திரிசலா இடது கண்ணைச் சுருக்கினார். மேலுதட்டை மூக்குவரை ஏற்றினார். கன்னங்களை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே அசையாமல் இருந்தார். எதிரே இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்த கணவர் ஜீவகன், சட்னியைத் தொடப்போன விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இது எனக்கா, படத்துக்கா?”

“படத்துக்கு. பஜ்ஜியில பல்லி.”

ஜீவகன் சட்னியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் இந்தக் கேள்வி கல்யாணமான நாளிலிருந்து கேட்கப்படுகிறது. திரிசலா கேலிச்சித்திரக்காரர். ஒரு முகத்தை வரையவேண்டுமானால் முதலில் அதைத் தம் முகத்தில் போட்டுக்கொள்வார். பிறகு கண்ணாடியில் பார்த்து வரைவார். கண்ணாடி என்றால் ஜீவகனின் பழைய ஸ்கூட்டரில் இருந்தது. வண்டி காயலான் கடைக்குப் போனபோது கண்ணாடியை மட்டும் கழற்றி மேசை விளிம்பில் திருகிக்கொண்டார். பின்னால் வரும் லாரியைக் காட்டப் பிறந்த அந்தக் கண்ணாடி, இப்போது கோபக்கார மாமியாரையும் தூங்கி வழியும் குமாஸ்தாவையும் காட்டிப் பிழைக்கிறது.

அது சமண வீடு. வெங்காயம், பூண்டு உள்ளே வராது. பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. திரிசலாவுக்குப் பெயர் வாங்கித் தந்த கேலிச்சித்திரப் பாத்திரமோ, ராத்திரி பதினோரு மணிக்கு வெங்காய பஜ்ஜி தேடி ஊரெல்லாம் அலையும் ‘பஜ்ஜி வேதாசலம்’. திரிசலா வெங்காய பஜ்ஜியைக் கடித்ததே இல்லை. பேருந்து நிலையத்துக் கடையெதிரே நின்று, தின்பவர்களைப் பார்ப்பார். அவர்கள் ஊதினால் இவர் வாயும் ஊதும். அவர்களுக்கு நாக்குச் சுட்டால் இவர் துள்ளுவார். கடைக்காரர் மனம் கேட்காமல் ஒருநாள், “காசு வேணாம்மா, ஒண்ணு சாப்டு” என்று நீட்டிவிட்டார். திரிசலா கும்பிட்டு மறுத்தார். ஊரில் அவரைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு.

இன்னொரு முரண்பாடும் உண்டு. இத்தனை வருடம் சிரிப்புத் தொழிலில் இருந்தும், திரிசலா சிரித்து ஜீவகன் பார்த்ததில்லை. படத்துக்காகச் சிரிப்பை முகத்தில் மாட்டுவார், கண்ணாடியில் சரிபார்ப்பார், வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார். துணுக்கு எழுதுகிறவர்கள் அனுப்பும் ஜோக்குகளை மருந்துச் சீட்டு படிப்பது போலப் படிப்பார். பிரமாதமான ஜோக் ஒன்றுக்கு அவர் சொன்ன விமர்சனம்: “ரெண்டு மூக்கு, ஒரு குடை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

இந்த முகங்களால் வீட்டுக்கு லாபமும் வரப்பார்த்ததுண்டு. கீரை விற்கும் காத்தாயி ஒருநாள் வாசலில் கூடையை இறக்கியபோது, உள்ளே திரிசலா அருவருப்பை வரைந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்த காத்தாயி கொதித்துப்போனார்.

“இன்னாம்மா, கீரையப் பாத்து இப்டி மூஞ்சி காட்ற? காலையிலதான் அறுத்தேன்! இந்தா, இன்னொரு கட்டு சும்மாவே எடுத்துக்க, அந்த மூஞ்சிய மாத்து!”

திரிசலா ஓடிப்போய் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதை வியாபாரியான ஜீவகனுக்கு மனசு ஆறவில்லை. “அருவருப்ப தினமும் இந்த நேரத்துக்கே வச்சிக்கயேன்” என்றார்.

சென்ற தை மாதம் திரிசலா வரைந்துவந்த வார இதழ் சிரிப்புப் பக்கத்தை நிறுத்தியது. அந்த இடத்தில் இப்போது ராசிபலன் கூடுதலாக வருகிறது. கையில் வேறு வேலை இல்லை. “அப்ப நான் உங்க கடையில வந்து உக்காந்துடறேன்” என்றார் திரிசலா. ஜீவகன் பதறினார். விதை வாங்க வருகிற விவசாயி எதிரில் அந்த முகம் சும்மா இருக்குமா?

அந்த நேரத்தில்தான் இளவழகன் வந்தார். பக்கத்துச் சிங்கவரம் கிராமத்துப் பிள்ளை, சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு, மேடையில் ஒற்றை ஆளாக நின்று ஜோக் சொல்கிறார். அவர் பேசப் பேச திரிசலா கையடக்கத் திரையில் வரையவேண்டும். படம் பெரிய வெண்திரையில் தெரியும். முதல் நிகழ்ச்சி செஞ்சியில். நன்றாகப் போனால் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி என்று வருடம் முழுக்க வேலை. போகாவிட்டால் விதைக்கடை.

திரிசலா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “என்னைச் சுத்தித் திரை கட்டணும். வரையறவ மூஞ்சி வெளிய தெரிஞ்சா படத்துக்கு மரியாதை போயிடும்பா.”

கோட்டைச் சாலைக் கல்யாண மண்டபத்தில் திரை கட்டும் பொறுப்பை ஜீவகன் ஏற்றார். கடையிலிருந்து சணல் கொண்டுவந்து, சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். மூட்டை வாய்க்குப் போடும் முடிச்சு அது. எவ்வளவு கனத்தையும் தாங்கும். நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அவிழ்வதற்காகவே போடுவது. ஜீவகனின் கைக்கு வேறு முடிச்சு தெரியாது.

நிகழ்ச்சி நடுவில், தலையைத் திருப்பித் திருப்பிக் காற்றடித்த பெரிய மின்விசிறியின் கூண்டில் சணல் நுனி மாட்டியது. விசிறி மறுபக்கம் திரும்பியது. திரை சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

திரிசலா கவனிக்கவில்லை. ராஜகிரி ஏறப்போன ஒரு குடும்பத்தின் கதையில் இளவழகன் இருந்தார். பாதி மலையில் குரங்கு வந்து தயிர்சாதப் பொட்டலத்தைக் கேட்கிறது. அப்பா கைப்பை முழுவதையும் கொடுத்துவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார். திரிசலா அப்பா ஆனார், அம்மா ஆனார். பிறகு தாடையை முன்னால் தள்ளி, காதுகள் இரண்டையும் அசைத்து, இடது கையால் விலாவைச் சொறிந்தார்.

மண்டபம் அதிர்ந்தது. தம் வரிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று இளவழகன் நினைத்தார். அதே வரியை மறுபடி சொன்னார், சிரிப்பு கூடியது. இன்னொரு தடவையும் சொன்னார். முன்வரிசையில் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

“யோவ், கொஞ்சம் நவுருய்யா! குரங்கு தெரியல!”

இளவழகன் திரும்பினார். வாய் பாதி திறந்தது; ஒரு புருவம் மேலே போனது, இன்னொன்று கீழே வந்தது. திரிசலாவும் அப்போதுதான் நிமிர்ந்தார். திரை விழுந்திருப்பதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக இளவழகனின் முகத்தைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் முந்தானையால் மூடிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஆனால் அது நல்ல முகம். விட மனம் வரவில்லை. தாமும் வாயைப் பாதி திறந்து, ஒரு புருவத்தை ஏற்றி, ஒன்றை இறக்கி, வரையத் தொடங்கினார். மேடையில் இப்போது மூன்று இளவழகன்கள்: நிற்பவர், வரைபவர், வெண்திரையில் வளர்ந்துகொண்டிருப்பவர். கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் இளவழகன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, திரிசலாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அக்கா, அடுத்த ஊரெல்லாம் நான் தனியாவே பாத்துக்குறேங்க்கா.”

“சரிப்பா” என்றார் திரிசலா.

வீட்டில் ஜீவகன் தலைகுனிந்து நின்றார். “மூட்ட முடிச்சு போட்டுட்டேன். கை பழக்கம்.” திரிசலா புருவத்தை நெரித்து, மூக்கை விடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

“இது... எனக்கா, படத்துக்கா?”

“உங்களுக்குத்தான்.”

அடுத்த வாரம் முழுக்க எந்தக் கேள்வியும் கேட்காமல் இட்லி சாப்பிட்டார் ஜீவகன். திரிசலா கடைக்குப் போய் உட்காருவதற்கு நல்ல நாளும் பார்த்தாகிவிட்டது. அன்று காலையில் இளவழகன் போன் செய்தார். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டினார் திரிசலா.

“அக்கா, விழுப்புரத்துல கேக்குறாங்க. அந்தக் குரங்கம்மா வந்தாத்தான் மண்டபம் தருவாங்களாம்.”

“என்ன அம்மா?”

“மரியாதையாத்தான் கேட்டாங்கக்கா.”

“திரை இல்லாம வரமாட்டேன்.”

“கட்டலாம்க்கா, தாராளமா கட்டலாம்.” இளவழகன் குரலைத் தாழ்த்தினார். “ஆனா பாதியில விழணும். மாமாவ வரச்சொல்லுங்க. அதே முடிச்சு வேணும்.”

திரிசலா யோசித்தார். “சரி. எப்ப விழும்னு எனக்குச் சொல்லக் கூடாது.”

ஜீவகன் இட்லியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை நோக்கிக் குனிந்து, பெரிய கொள்முதல் பேசும் குரலில் கேட்டார்: “தம்பி, மூட்டைக்கு ஒரு இழுப்பு. திரை பெருசு, ரெண்டு இழுப்பா வச்சிடவா?”

முதலில் திரிசலாவின் தோள்கள் குலுங்கின. பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் கண்ணில் நீர் வழிய, மேசையில் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினார். இப்படி ஒரு முகத்தை ஜீவகன் அந்த வீட்டில் பார்த்ததில்லை. கொஞ்சம் பயந்தே கேட்டார்.

“இது எனக்கா, படத்துக்கா?”

திரிசலா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை தானாகவே நீண்டு, ஸ்கூட்டர் கண்ணாடியைத் தம் முகத்துக்கு நேராகத் திருப்பியது.