எல்லா வேலைக்கும் துண்டு போட்ட சித்தி

என் சித்தி தையல்காரி. துணியோடு வந்தவரைத் துணியோடு திருப்பி அனுப்பிய சரித்திரமே கிடையாது. "குடுத்துட்டு நாளைக்கு வாங்க" என்பார். அது எந்த நாளை என்று காலண்டருக்கே தெரியாது.

அளவைச் சொன்னால் சட்டைத் துணியை எப்படி வெட்டுவது என்று படம் வரைந்து தரும் இலவச மென்பொருள் ஒன்று அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதன் உதவிப் பக்கத்தில் சட்டைக் கையின் படம் முன்பின் மாறியிருந்தது. அதை நம்பி வெட்டிய சட்டை வீணானது. "நானே சரி பண்றேன்" என்று சித்தி கிளம்பினார்.

அதைச் செய்பவர்களின் இணையப் பக்கத்துக்குள் போனால், புதியவர்களுக்கான எளிய வேலைகள் என்று வரிசையாகக் கிடந்தன. கைப் படமும் அதில் ஒன்று. சித்திக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்று விடாமல் எல்லாவற்றின் அடியிலும் "நான் செய்கிறேன்" என்று எழுதிவிட்டார்.

"பஸ்ல எல்லா சீட்லயும் துண்டு போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் சித்தப்பா.

"உங்களுக்கென்ன, நின்னுக்கிட்டே வாங்க."

வாரங்கள் ஓடின. ஒரு வேலையும் நகரவில்லை. அங்கே பொறுப்பாளர் தன் முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருப்பார். எங்களுக்கு அவர் பூனையார். அவர் எழுதினார்: "ஆர்வத்துக்கு நன்றி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வீர்களா? புதிதாக வந்த மற்றவர்கள் வேலையில்லாமல் காத்திருக்கிறார்கள்."

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் சித்திக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். கம்ப்யூட்டரைத் துணியால் மூடிவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்படாதுடா" என்றார்.

"விட்டுத்தள்ளுங்க சித்தி. உலகத்துல எல்லாரும் கையை முன்பின்னா மாட்டிக்கிட்டுத் திரியட்டும்" என்றேன்.

என்னை முறைத்தார். பிறகு துணியை விலக்கினார். ஒவ்வொரு வேலையாகப் போய், "மன்னிக்கவும், வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினார். கைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தார். பூனையார் குறை சொல்லித் திருப்பி அனுப்பியபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார்.

பூனையாரின் முடிவு வந்தபோது சித்தி தையல் மெஷினில் இருந்தார். "நீயே படிடா, எனக்கு வேலையிருக்கு." கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தியிருந்தது.

படித்தேன்: "உங்கள் படத்தைச் சேர்த்துவிட்டோம். நன்றி. இத்தனை நாள் எங்கே அம்மா இருந்தீர்கள்? நீங்கள் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா?"

"நன்றியோட முடிஞ்சிருக்குமே. மீதி எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"அவர் மனசுல இருந்துச்சு சித்தி."

"போடா போக்கிரி" என்று ஊசியில் நூல் கோக்கப் போனார். இரண்டு தடவை தவறியது.

"சரி, மறுபடி படி. அந்த மீதியையும் சேர்த்து."